விழுங்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் நம் வீடுகளில் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. எந்தப் பெயரில் இருமல் நிற்கிறதோ, அவர்தான் நினைத்தார் என்று முடிவு. நல்ல நம்பிக்கைதான். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, எல்லாம் சரியாகிவிடும்போது இப்படிச் சொல்லிச் சிரிக்கலாம்.

'புரை' என்பதற்கு உட்டுளை என்று பொருள் உண்டு. போகக் கூடாத துளையில் ஏறிவிட்டது என்பதை நம் முன்னோர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியின் பேச்சு வழக்கில் இதை 'அவலே த த்ரவேர்' என்பார்கள். குறுக்கே விழுங்குவது என்று பொருள். மருத்துவர்கள் எழுதும்போது 'ஃபோஸ் ரூத்' என்று எழுதுவார்கள். அதாவது 'தவறான பாதை'. இரண்டு மொழியிலும் ஒரே செய்திதான்: தொண்டையில் இரண்டு வழிகள் பிரிகின்றன, சோறு ஒன்றிலும் மூச்சு மற்றொன்றிலும் போக வேண்டும்.

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இந்தப் பிரிவில்தான் சிக்கல் வருகிறது. கை கால் விழுந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வாய் கோணியது தெரியும். தொண்டை பழுதானது தெரிவதில்லை. அப்படிப் பழுதான தொண்டைக்கு மறுபடி விழுங்கக் கற்றுக்கொடுக்கலாம் என்ற அறிவு ஒன்றும் பழையதல்ல. நான் அரசு வேலையில் சேர்ந்து, கோப்புகளோடு பல ஆண்டுகள் கழித்த பிறகுதான் அது உலகில் ஒரு துறையாகவே உருவெடுத்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். என் வயதுள்ள வாசகர்களுக்கு இது வெறும் சரித்திரம் அல்ல, நம் வீடுகளில் நாளைக்கே தேவைப்படக்கூடியது.

முதலில், விழுங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதைத் தெளிவாகப் பகுத்துச் சொன்னவர்களில் முன்னோடி பிரான்சுவா மழாந்தி என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். 1783 இல் பிறந்தவர். புகழ்பெற்ற க்ளோத் பெர்னாருக்கு ஆசிரியர். 1816, 1817 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளிவந்த தம் உடலியல் நூலில் விழுங்குதலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். வாயில் மென்று உருட்டிப் பின்னால் தள்ளுவது ஒன்று. தொண்டையைக் கடப்பது இரண்டு. உணவுக்குழாயில் இறங்குவது மூன்று. இரு நூற்றாண்டு ஆகியும் மருத்துவ மாணவர்கள் இந்தப் பகுப்பை வைத்தே பாடம் படிக்கிறார்கள்.

இந்த மூன்றில் முதல் கட்டம் நம் கையில் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மெல்லலாம். இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. ஏறக்குறைய ஒரு வினாடியில் முடிந்துவிடும். அந்த ஒரு வினாடிக்குள் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே எழுந்து முன்னால் நகர்கிறது, அதன் வாய் இறுக மூடிக்கொள்கிறது, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. கண்ணாடி முன் நின்று விழுங்கிப் பாருங்கள், தொண்டைமணி மேலே ஏறி இறங்குவது தெரியும். குரல்வளை மூடி என்ற சிறு மடல்தான் காற்றுக்குழாயைக் காக்கிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். மழாந்தி 1813 இலேயே விலங்குகளில் அந்த மடலை நீக்கிவிட்டு, அவை அப்போதும் விழுங்குகின்றன என்று காட்டினார். காவல் ஒரு கதவில் இல்லை, பல தசைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்யும் வேலையில் இருக்கிறது என்பது அதன் பொருள். உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதித்ததற்காக அவரைக் கண்டித்தவர்களும் நிறைய உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மழாந்தி அறுத்துப் பார்த்ததை, அறுக்காமல் பார்க்கும் வழி 1895 இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டார். ஓர் ஆண்டு கழித்து, 1896 டிசம்பரில், ஹார்வர்டில் முதலாண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன் என்ற மாணவர், ஒரு நாய் பொத்தானை விழுங்குவதை அந்தக் கதிர்களின் திரையில் பார்த்தார். அடுத்து நீண்ட கழுத்துள்ள ஒரு பெரிய வாத்துக்கு பிஸ்மத் உப்பைக் கொடுத்து, அது கழுத்து வழியே இறங்குவதைக் கவனித்தார். கதிர் ஊடுருவாத பொருள் திரையில் நிழலாகத் தெரியும். பிற்காலத்தில் பிஸ்மத்தின் இடத்தைப் பேரியம் பிடித்துக்கொண்டது. இன்று ஸ்கேன் சென்டரில் 'பேரியம் குடிக்கச் சொன்னாங்க' என்கிறோமே, அதன் பிறப்பு இதுதான்.

அதே 1895 இல் டான்சிக் நகரில் (இன்று அது போலந்தின் க்டான்ஸ்க்) அடோல்ஃப் வாலன்பெர்க் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். திடீரென்று தலைசுற்றல், முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் உணர்ச்சிக் குறைவு, குரல் கம்மல், விழுங்க முடியாமை. கை கால் செயல் இழக்கவில்லை. மூளையின் அடியில் முகுளம் என்ற பகுதியின் பக்கவாட்டில், இன்ன ரத்தக்குழாய் அடைபட்டிருக்க வேண்டும் என்று வாலன்பெர்க் எழுதிவைத்தார். அந்த நோயாளி பின்னர் இறந்தபோது மூளையைப் பரிசோதித்து, தாம் சொன்ன இடம் சரிதான் என்று 1901 இல் வெளியிட்டார். ஸ்கேன் இல்லாத காலத்தில், படுக்கையருகே உட்கார்ந்து, ஊசியும் பஞ்சும் வைத்துக் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். யூதராகப் பிறந்ததால் 1938 இல், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போய், 1949 இல் அங்கேயே காலமானார்.

பழுது எங்கே என்று தெரிந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை. விழுங்குதல் ஒரு தன்னிச்சையான செயல், இருந்தால் இருக்கும், போனால் போனதுதான் என்ற எண்ணமே பல பத்தாண்டுகள் நிலவியது. கையில் இருந்தது குழாய் ஒன்றுதான். நம் மருத்துவமனைகளில் மூக்கு வழியாகப் போடும் குழாயை 'ரைல்ஸ் ட்யூப்' என்கிறோம். ஜான் ரைல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1921 இல் அவர் விவரித்த அந்தக் குழாய் உணவு ஊட்டுவதற்காக ஏற்பட்டதல்ல. நோயாளிக்கு ஓட்ஸ் கஞ்சி கொடுத்துவிட்டு, கால் மணிக்கு ஒரு தரம் இரைப்பையிலிருந்து கொஞ்சம் சாறு உறிஞ்சி எடுத்துப் பரிசோதிப்பதற்காக வந்தது. வெளியே எடுக்க வந்த குழாய், உள்ளே அனுப்பும் குழாயாக நம்மிடையே நிலைத்துவிட்டது. 1979 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல் எண்டாஸ்கோப் உதவியோடு வயிற்றுச் சுவர் வழியாக நேரே இரைப்பைக்குள் குழாய் வைக்கும் முறையைச் செய்துகாட்டினார்கள். குழந்தைகளுக்காகத் தொடங்கியது, பிறகு முதியவர்களுக்கும் வந்தது.

குழாய்கள் உயிரைக் காத்தன, அதில் ஐயமில்லை. ஆனால் குழாய் தொண்டையைச் சரிசெய்யாது. அது தொண்டையைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப்பாதை. பாலம் உடைந்த சாலையில் மாற்றுப்பாதை போட்டுவிட்டு, பாலத்தை மறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

பாலத்தை நினைவுபடுத்தியவர் ஜெரி லோகமன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1942 இல் பிறந்தவர், சிகாகோ அருகே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மருத்துவர் அல்ல, பேச்சுப் பயிற்சித் துறையைச் சேர்ந்தவர். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களோடு வேலை செய்தார். பேச உதவும் நாக்கும் உதடும் அண்ணமும் குரல்வளையும்தானே விழுங்கவும் உதவுகின்றன? பேச்சு கெட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமானால், விழுங்குவது கெட்டவர்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்பதே அவர் வழி.

அவர் செய்த மாற்றம் கேட்பதற்குச் சின்னது. வழக்கமான பேரியம் சோதனையில் நோயாளி ஒரு குவளை நிறையக் குடிக்க வேண்டும், பார்ப்பது உணவுக்குழாயை. விழுங்க முடியாதவருக்கு ஒரு குவளை கொடுத்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். லோகமன் நோயாளியை நிமிர உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுத் தொண்டையைப் பார்த்தார். நீர்த்தது, கெட்டியானது, மெல்ல வேண்டியது என்று வரிசையாகக் கொடுத்தார். தவறான பாதையில் போனால் அதோடு சோதனையை முடித்துவிடவில்லை. தலையைக் குனியவைத்து ஒரு தரம், திருப்பவைத்து ஒரு தரம், கொஞ்சம் கெட்டியாக்கி ஒரு தரம் என்று, எந்த நிலையில் சரியாகப் போகிறது என்பதைத் தேடினார். இந்தத் தேடல்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் எண்ணம். 'இவரால் முடியாது' என்று கோப்பை மூடுவதற்குப் பதிலாக, 'இப்படிச் செய்தால் முடியும்' என்று குறிப்பு எழுதும் வழக்கம் அங்கே தொடங்கியது. 1983 இல் இதையெல்லாம் தொகுத்து ஒரு நூல் எழுதினார். 1986 இல் இத்துறைக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கியது. லோகமன் 2014 இல் காலமானார்.

இந்தப் படங்களில்தான் ஒரு பயங்கரம் வெளிப்பட்டது. சிலருக்குத் தண்ணீர் காற்றுக்குழாயில் இறங்குவது திரையில் நன்றாகத் தெரிகிறது, அவர்களோ இருமவே இல்லை. தொண்டையின் உணர்ச்சி மங்கிவிட்டதால் உடம்புக்கு எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மருத்துவர்கள் இதை ஓசையற்ற புரையேற்றம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். உச்சந்தலையில் தட்ட வேண்டிய அவசியமே வராது. நாலு நாளில் காய்ச்சல் வரும், நிமோனியா என்பார்கள். 2005 இல் டொரொன்டோவைச் சேர்ந்த ரோஸ்மேரி மார்ட்டினோவும் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பக்கவாத நோயாளிகளில் விழுங்கும் சிக்கல் உள்ளவர்கள் மேலோட்டமாகப் பார்த்தால் நூற்றுக்கு 37 முதல் 45 பேர், முறையாகப் பரிசோதித்தால் 51 முதல் 55 பேர், கருவி வைத்துப் பார்த்தால் 64 முதல் 78 பேர். பார்க்கப் பார்க்கத்தான் தெரிகிறது. சிக்கல் உள்ளவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மூன்று மடங்கு என்றும் அந்தத் தொகுப்பு சொன்னது.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்த காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு எழுபத்தாறு. கை கால் ஓரளவு நன்றாகவே இருந்தது. நடக்கும்போது தள்ளாடினார். குரல் கரகரத்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தார். ஒரு மருத்துவமனையில் மூக்குக் குழாய் போட்டு, 'குழாய் வழியே திரவ உணவு' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள், எப்போது எடுப்பது, எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை. குழாய் அடைத்துக்கொண்டால் மாற்றி வருவோம். இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. அண்ணன் ஆள் பாதியாகிவிட்டார். அதைவிட, சாப்பாட்டு நேரத்தில் சமையலறை வாசனை வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

வேறோர் இடத்தில் காட்டியபோது அங்கிருந்த மருத்துவர் 'ஸ்பீச் தெரபி' என்று எழுதிக் கொடுத்தார். அண்ணி சீட்டைப் பார்த்துவிட்டு, "பேச்சுத்தான் வருதே தம்பி, இவருக்கு எதுக்கு இது?" என்றார். நியாயமான கேள்வி. பிரெஞ்சில் இந்தப் பயிற்சியாளரை 'ஒர்த்தோஃபோனிஸ்த்' என்பார்கள். குரலைச் செம்மை செய்பவர் என்று பொருள். 1964 ஜூலையில் பிரான்சில் அவர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆங்கிலப் பெயரிலும் சரி, பிரெஞ்சுப் பெயரிலும் சரி, விழுங்குதல் என்ற சொல்லே இல்லை. பெயரைப் பார்த்து 'நமக்கு வேண்டாம்' என்று திரும்பிப் போகும் குடும்பங்கள் எத்தனையோ.

பயிற்சி தந்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே அறைக்கு எங்களையும் அழைத்துத் திரையைக் காட்டினாள். அண்ணன் நேராகப் பார்த்து விழுங்கியபோது கறுப்பு நிழல் தொண்டையில் தேங்கி, ஓர் இழை காற்றுக்குழாயில் இறங்கியது. அவர் இருமவே இல்லை. "இப்ப இடது பக்கம் திரும்பிக்கிட்டு முழுங்குங்க தாத்தா" என்றாள். இடதுதான் பழுதான பக்கம். திரும்பி விழுங்கினார். நிழல் வலப்பக்கமாக வழுக்கிக் கீழே போய்விட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பழுதான பக்கமாகத் தலையைத் திருப்பினால் அந்தப் பக்கத்து வழி இறுகிக்கொள்கிறது. உணவு நல்ல பக்கமாகப் போகிறது. இதை லோகமனும் கூட்டாளிகளும் 1989 இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த நோயாளிகள் வாலன்பெர்க் பெயரால் வழங்கும் அதே நோய் கண்டவர்கள். டான்சிக்கில் நோயின் இடம் தெரிந்த நாளிலிருந்து, தலையைத் திருப்பச் சொல்லும் இந்த எளிய வழி வரத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதற்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

தலையைத் திருப்புவது அந்தந்த வாய்க்குக் கைகொடுக்கும். தசையை வலுவாக்கப் பயிற்சி வேண்டும். அவையும் ஒவ்வொன்றாக வந்தன. தொண்டைமணி மேலே எழுந்த நிலையில் சில வினாடி பிடித்துவைப்பதற்கு மெண்டல்சன் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். நாக்கின் நுனியைப் பற்களிடையே பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவதற்கு, 1996 இல் லோகமனுடன் அதை வெளியிட்ட ஜப்பானியப் பெண்மணியின் பெயரால் மசாகோ பயிற்சி என்று பெயர். மில்வாக்கியில் பணியாற்றிய ரெசா ஷேக்கர் 1997 இல் சொன்னது இன்னொன்று. தலையணையில்லாமல் மல்லாந்து படுத்து, தோள் தரையில் இருக்க, தலையை மட்டும் கால்விரல் தெரியும்வரை தூக்க வேண்டும். ஒரு நிமிடம் வைத்திருந்து ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. பிறகு நிறுத்தாமல் 30 முறை ஏற்றி இறக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். உணவுக்குழாயின் வாசலைத் திறக்க உதவும் தசைகள் இதனால் வலுப்பெறுகின்றன. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. எனவே யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாகத் தொடங்க வேண்டாம். எந்தப் பயிற்சி யாருக்கு என்பதைப் பரிசோதித்தவரே சொல்ல வேண்டும்.

அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டுப் போட்டுக் கட்டம் கட்டி, செய்த பயிற்சியை டிக் அடித்து வந்தார். ஏழாம் வாரம் குழாயை எடுத்தார்கள். தயிரில் மசித்த இட்லியை அண்ணி சிறிய கரண்டியால் கொடுத்தார். இடது பக்கம் திரும்பி விழுங்கிவிட்டு அவர் சொன்ன முதல் சொல், "உப்பு கம்மி." அதன் பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தார், வாயால் சாப்பிட்டுக்கொண்டு.

இந்த மீட்சி எப்படி நடக்கிறது? இதற்கு விடை மான்செஸ்டரில் கிடைத்தது. ஷாஹீன் ஹம்தியும் குழுவினரும் 1996 இல், தலைக்கு வெளியே இருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி, விழுங்கும் தசைகள் எங்கே பதிவாகியிருக்கின்றன என்று வரைபடம் போட்டார்கள். கைக்கு மூளையின் எதிர்ப்பாதிதான் எஜமான். விழுங்குவதற்கோ இரண்டு பாதியிலும் இடம் உண்டு, ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு. அதிகம் உள்ள பாதியில் பக்கவாதம் தாக்கினால் விழுங்குவது கெடுகிறது. பிறகு தேறியவர்களைப் பார்த்தபோது, அடிபடாத பாதியில் அந்த இடம் விரிந்திருந்தது. மேலதிகாரி திடீரென்று விடுப்பில் போனால் அடுத்த மேசைக்காரர் தட்டுத்தடுமாறி வேலையைக் கற்றுக்கொண்டு பார்ப்பாரே, அதைப்போல. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே விழுங்குதல் திரும்புவதற்கும் இதுவே காரணம். மற்றவர்களுக்குப் பயிற்சி தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 306 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2006 இல் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, முறையான பயிற்சி பெற்றவர்களில் அதிகம் பேர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். நெஞ்சுச் சளித் தொல்லையும் அவர்களுக்குக் குறைவு.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், இரண்டும் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு உரியவை. மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டு விழுங்குவதைப் பார்க்கும் முறையை 1988 இல் வெளியிட்டவர் சூசன் லாங்மோர். அவரே 1998 இல் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு நிமோனியா வருகிறது என்று ஆராய்ந்தார். விழுங்கும் சிக்கல் மட்டும் காரணமாக இல்லை. பிறர் ஊட்டிவிட்டுச் சாப்பிடுவது, வாய் சுத்தத்துக்குப் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள் ஆகியவை முன்னே வந்தன. அடுத்த ஆண்டு ஜப்பானில் யோனெயாமா என்ற பல் மருத்துவர், 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடத்திய சோதனையை வெளியிட்டார். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 பேருக்கு. ஒரு பிரஷ் செய்த வேலை அது. எச்சில் சிறிது உள்ளே போனாலும், அதில் கிருமி குறைவாக இருந்தால் நுரையீரல் சமாளித்துக்கொள்கிறது. குழாய் போட்டிருப்பவருக்கு வாயால் ஒன்றும் போகவில்லையே என்று வாயைத் துடைக்காமல் விடுவது நம் வீடுகளில் சகஜம். அவர்களுக்குத்தான் இது முக்கியம்.

இனி தண்ணீருக்கு வருவோம். மயங்கியவருக்கும் நோயாளிக்கும் முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது நம் பண்பாடு. பக்கவாதம் வந்தவருக்கு அதுதான் ஆபத்து. நீர்த்த பொருள் வேகமாக ஓடும். தாமதமாக எழும் குரல்வளை மூடுவதற்குள் அது இறங்கிவிடும். கெட்டியான பொருள் மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. நாம் நோயாளிக்கு லேசான உணவு என்று நினைக்கும் ரசம் சாதம் இன்னும் சிரமம். ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும், எதற்கு விழுங்குவது என்று தொண்டைக்குத் தெரியாது. ஐஸ்கிரீம் கெட்டிபோலத் தெரியும், வாயில் உருகித் தண்ணீராகிவிடும்.

'கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள்' என்றால் எவ்வளவு கெட்டி? ஆளுக்கொரு கணக்கு. இதற்காக 2013 இல் பல நாட்டவர் கூடிப் பொது அளவு வகுக்கத் தொடங்கினார்கள். பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டுப் படிகள். திரவத்தை அளக்க ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். நுனியை விரலால் அடைத்து நிரப்பி, விரலை எடுத்துப் பத்து வினாடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் வகை. நாலு முதல் எட்டு மில்லி மிஞ்சினால் இரண்டாம் படி. கேழ்வரகுக் கூழையும் பார்லிக் கஞ்சியையும் இதில் அளந்து பார்க்கலாம், ஆறினால் கெட்டிப்படும் என்பதையும் கணக்கில் வைத்து. கெட்டியாக்கிய தண்ணீரை நோயாளிகள் வெறுத்து, குடிப்பதையே குறைத்து, நாவறண்டு போவதும் உண்டு. ஆகவே எவ்வளவு நாள், எந்தப் படி என்பதை அவ்வப்போது மறுபரிசீலனை செய்யக் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 1965 இல் ஏற்பட்டது. தென்னாட்டில் இத்துறைக்கு அது தாய்வீடு. பேச்சுப் பயிற்சியாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது விதி, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதனால்தான் 2011 இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பெரிதாகப்படுகிறது. நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் என்ற செவிலியப் பேராசிரியர் நடத்தியது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் செவிலியர்களே முறைப்படி கவனிக்கும்படி செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிக் கவனிக்கப்பட்ட இடங்களில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ வேண்டியவர்களும் கணிசமாகக் குறைவு. புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை.

அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கேட்காத கேள்விக்குச் சீட்டில் பதில் வராது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் பக்கவாதம் வந்தால், வாயில் எதுவும் கொடுப்பதற்கு முன், "விழுங்குவதைப் பரிசோதித்தாயிற்றா?" என்று கேளுங்கள். குழாய் போட்டால், "எப்போது மறுபடி பரிசோதிப்பீர்கள், எடுப்பதற்கு என்ன பயிற்சி?" என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பேச்சு நன்றாக வந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். வீட்டில் ஊட்டும்போது நிமிர உட்காரவையுங்கள், சிறு கரண்டி, ஒரு வாய் இறங்கிய பிறகு மறு வாய், டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம். செயல் குறைந்த பக்கத்துக் கன்னத்தில் பருக்கை ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். வாயைச் சுத்தம் செய்யுங்கள். சாப்பிட்டதும் குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்டாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ, இருமல் இல்லையே என்று சும்மா இருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் தெருவில், உறவில் மூக்குக் குழாயோடு மாதக்கணக்கில் படுத்திருப்பவர் யாராவது இருந்தால் அந்த வீட்டாரிடம் இந்த விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுபடி விழுங்கக் கற்றுக்கொள்ள முடியும் என்பது தெரியாமலேயே பலர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.